பிரேக் நன்றாகத்தான் இருந்தது

செல்லப்பன் எழுதியது பொய். சென்ற மாதம் இந்தப் பத்திரிகையில் சைகோன் அனுபவம் என்று மூன்று பக்கம் எழுதியிருக்கிறார். அதில் வருகிற 'குடிகார ரிக்‌ஷாக்காரன்' குடிக்கவில்லை. குறுக்கே வரவில்லை. எங்கள் மோட்டார் சைக்கிளை இடிக்கவும் இல்லை. நாங்கள்தான் அவரை இடித்தோம். வண்டியை ஓட்டியவன் நான். பின்னால் குடையோடு உட்கார்ந்திருந்தவர் செல்லப்பன். அவர் எழுதிய மூன்று பக்கத்தில் உண்மை அந்தக் குடை மட்டும்தான்.

என் பெயர் கருப்பையா. காரைக்குடியில் ஒரு பஸ் ஷெட்டில் ஃபிட்டர். கட்டுரை எழுதிப் பழக்கம் இல்லை. நடந்ததை நடந்த வரிசையில் சொல்கிறேன்.

எந்த வழியாகப் போனேன், டிக்கெட் யார் எடுத்தார்கள் என்பதெல்லாம் யாருக்கும் உதவாது. சைகோனில் ஒரு செட்டியார் கம்பெனியின் சரக்குக் கிட்டங்கியில், கிடங்கில்தான், ஜெனரேட்டர் படுத்துவிட்டது. யுத்தம் நடக்கிற ஊர். கரண்ட் எப்போது வரும், எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது. அந்தப் பழைய இங்கிலீஷ் எஞ்சினைப் பிரிக்கத் தெரிந்த ஆள் வேண்டும் என்று என்னை வரவழைத்தார்கள். செல்லப்பன் அங்கே அடுத்தாள். அதாவது மேலாள் என்கிற மானேஜருக்கு அடுத்த இடம். மேலாள் அப்போது வெளியூர் போயிருந்தார். ஆகவே அந்த வாரம் கிட்டங்கிக்கு ராஜா செல்லப்பன்தான்.

முதல் நாள் நான் ஊரைப் பார்க்கவில்லை, வண்டிகளைத்தான் பார்த்தேன். இத்தனை இரண்டு சக்கர வண்டிகளை நான் பிறந்ததிலிருந்து மொத்தமாகப் பார்த்ததில்லை. ஒரு ஸ்கூட்டரில் ஐந்து பேர் குடும்பமாகப் போனார்கள். ஒருவர் சீட்டுக்குப் பின்னால் உயிரோடு ஒரு பன்றியைக் கட்டியிருந்தார். பெண்கள் நீண்ட அங்கியின் பின் தொங்கலை மடித்து உட்காருகிற இடத்தில் அடக்கிக்கொண்டு மொபெட் ஓட்டினார்கள். எல்லோரும் வலது பக்கம் போனார்கள். வெள்ளைக்காரனிலும் பிரெஞ்சுக்காரன் வேறு ஜாதி போலிருக்கிறது. ரோட்டைக்கூட மாற்றிப் போட்டுவிட்டுப் போயிருக்கிறான்.

தெரு முனையில் மணல் மூட்டைகள் அடுக்கியிருந்தார்கள். அதற்குப் பின்னால் துப்பாக்கியோடு நின்ற சிப்பாய் கரும்புச்சாறு குடித்துக்கொண்டிருந்தான். தலைக்கு மேல் ஹெலிகாப்டர் போனபோது நான் ஒருவன்தான் அண்ணாந்து பார்த்தேன். பக்கத்தில் மீன் நறுக்கிக்கொண்டிருந்த அம்மாள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். புது ஆள் என்று தெரிந்துவிட்டது.

காப்பியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கிளாஸின் மேல் ஒரு சின்ன அலுமினியச் சட்டியை வைத்துக் கொடுத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். அது சொட்டுச் சொட்டாக இறங்குகிறது. அடியில் டின் பால் தேன் மாதிரிக் கிடக்கிறது. நம் ஊரில் ஒரு காப்பிக்கு இவ்வளவு நேரம் ஆனால் கிளாஸ் பறக்கும். நான் இரண்டு தடவை 'என்னய்யா இது' என்று சத்தம் போட்டேன். யாரும் கண்டுகொள்ளவில்லை. கடைசியில் குடித்தேன். வாயை மூடிக்கொண்டு இன்னொன்று கேட்டேன்.

இந்த வேடிக்கையெல்லாம் எனக்குக் காட்டியவர் சவரிநாதன். காரைக்கால்காரர், அறுபது வயது. பிரெஞ்சுக்காரர்கள் இருந்த காலத்தில் துறைமுகச் சுங்கத்தில் கிளார்க்காக இருந்தவர். அவர்கள் போன பிறகும் இவர் போகவில்லை. மனைவி வியட்நாம்காரி. பிள்ளைகளுக்குத் தமிழ் தெரியாது. கிட்டங்கியின் பின்கட்டில் ஒரு அறையில் குடியிருந்தார். என்னைப் பார்த்ததும் பிரெஞ்சில் ஒரு வணக்கம் போட்டு, "போன்ழூர் முசியே, காரைக்குடியா? சாப்பாட்டுல ஒறைப்பு இல்லேன்னு இப்பவே சொல்லிப்புடுறேன், அப்பறம் அழுவக் கூடாது" என்றார். எனக்கு அவரை அந்த நிமிஷமே பிடித்துவிட்டது.

இரண்டாம் நாள் ஜெனரேட்டரைப் பிரித்தேன். கேஸ்கட் எரிந்து போயிருந்தது. எஞ்சின் வேகத்தைக் கட்டுக்குள் வைக்கிற கவர்னர் ஸ்பிரிங் முறிந்திருந்தது. மாற்று தேடிக் கடைகளுக்கு அலைய வேண்டும். கிட்டங்கியில் ஒரு ஜப்பான் மோட்டார் சைக்கிள் நின்றது. அதை ஓட்டுகிற ஆளைப் பட்டாளத்துக்குப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். செல்லப்பனுக்கு சைக்கிளே தடுமாற்றம். "நீங்க ஓட்டுங்க, நான் வழி சொல்றேன்" என்றார்.

"லைசென்ஸ்?" என்றேன்.

"நான் இருக்கேன்ல?" என்றார். அவர் எப்போதும் அப்படித்தான் சொல்வார்.

நான் ஊரில் ஷெட் புல்லட்டை எத்தனையோ வருஷமாக ஓட்டுகிறவன். இந்த வண்டி தாழ்வாக, சின்னதாக, தையல் மெஷின் மாதிரிச் சத்தத்தோடு இருந்தது. கியரும் பிரேக்கும் புல்லட்டுக்கு நேர்மாறான காலில். வலது பக்கம் ஓட்ட வேண்டியது வேறு. ஒரு மணி நேரம் கிட்டங்கியைச் சுற்றினேன். இரண்டும் கைவந்துவிட்டது. எனக்கே என் மேல் கொஞ்சம் கர்வம் வந்தது. மறுநாள் முழுவதும் செல்லப்பனை ஏற்றிக்கொண்டு இரும்புக் கடை இரும்புக் கடையாகச் சுற்றினேன். ஒரு கீறல் இல்லை.

நாலாம் நாள் கான் ஹொய் போனோம். அது துறைமுகப் பக்கம். கப்பல்களிலிருந்து கழித்துப் போட்ட இரும்பு எல்லாம் அங்கே கிடைக்கும். கிடங்கு, குடிசை, சுமை தூக்குகிறவர்கள், நடுவில் சூப்புக் கடை. எனக்கு வேண்டிய ஸ்பிரிங் ஒரு டப்பாவில் இருந்தது. நூறு ஸ்பிரிங்கில் தேடி எடுத்தேன். சந்தோஷமாகத் திரும்பினோம். செல்லப்பன் குடையை விரித்துக்கொண்டார். அன்று கார்த்திகை விரதம் அவருக்கு. காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்தான்.

பாலத்தின் மேலிருந்து இறங்கும்போது முன்னால் ஒரு சிக்லோ போய்க்கொண்டிருந்தது. நம் ஊர் ரிக்‌ஷா மாதிரிதான். ஆனால் சவாரி முன்னால் உட்காரும், மிதிக்கிறவர் பின்னால் இருப்பார். அதில் ஆள் இல்லை. இரண்டு பெரிய மண்ஜாடி நிறைய மீன் சாறு இருந்தது. இவர்கள் மீனை உப்பில் மாதக்கணக்கில் ஊறவைத்து இறக்குகிற ரசம். எதைச் சாப்பிட்டாலும் அதைத் தொட்டுக்கொள்வார்கள். பாலம் இறங்கி முடிகிற இடத்தில் குறுக்கே பட்டாள லாரிகள் வரிசையாக வந்தன. போலீஸ்காரர் கையைக் காட்டினார். சிக்லோ நின்றது.

நான் பிரேக்கை மிதித்தேன். வண்டி நிற்கவில்லை. இன்னும் வேகமாகப் போனது.

சிக்லோவின் பின்சக்கரத்தில் நேராக ஏறினோம். பெரிய அடி யாருக்கும் இல்லை. எனக்கு முழங்காலில் தோல் போனது. சிக்லோக்காரர் பக்கவாட்டில் குதித்துவிட்டார். ஜாடி இரண்டும் கவிழ்ந்தன. செல்லப்பன் போய் விழுந்த இடம் அதற்குள். விரதமிருந்த மனிதர் தலையிலிருந்து கால்வரை மீன் சாறு. குடை அப்போதும் விரித்தபடியே இருந்தது. தெருவே சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன், ஏனென்றால் எனக்குக் கோபம் அதைவிட அதிகமாக வந்திருந்தது.

"பிரேக்கே இல்லாத வண்டியைக் குடுத்திருக்கீரே, நீர் மனுஷனா?" என்று செல்லப்பனைப் பார்த்துக் கத்தினேன். சிக்லோக்காரரையும் திட்டினேன். எதற்கென்று கேட்டால் பதில் இல்லை. நின்றுகொண்டிருந்தார், அதற்காகத் திட்டினேன். மெலிந்த, நாற்பது வயது ஆள். எட்டுப் போலக் கோணிப்போன தன் சக்கரத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

போலீஸ் சாவடியில் செல்லப்பன்தான் பேசினார். அவருக்கு வியட்நாமியம் நன்றாக வரும். ஒரு காகிதம் எழுதினார்கள். "என்ன எழுதியிருக்கு?" என்று கேட்டேன். "பிரேக் பிடிக்கலைன்னு எழுதியிருக்கு, போடுங்க" என்றார். போட்டேன். சாட்சி என்று அவரும் கீழே போட்டார். படிக்கத் தெரியாத காகிதத்தில் கையெழுத்துப் போட்டது என் தப்பு. இதை யாரும் எனக்குச் சொல்ல வேண்டாம். சிக்லோவை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. மீன் நாற்றம் தாங்காமல் போலீஸ்காரர்கள் எங்களைச் சீக்கிரம் அனுப்பிவிட்டார்கள்.

ஐந்தாம் நாள் காலையில் மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு மெக்கானிக்கிடம் கிளம்பினேன். என் எண்ணமெல்லாம் ஒன்றுதான். அந்தப் பிரேக்கைப் பிரித்து, தேய்ந்துபோன கட்டையைக் கையில் எடுத்து, செல்லப்பன் முகத்துக்கு நேரே நீட்ட வேண்டும். வழிகாட்டவும் பேசவும் சவரிநாதன் கூட வந்தார்.

மெக்கானிக் கடை என்றால் கூரை இல்லை. பெரிய புளியமரம் ஒன்று, அடியில் ஒரு காற்றடிக்கும் பம்பு, ஒரு அலுமினியத் தாம்பாளத்தில் தண்ணீர், ஒரு பெட்டி நிறைய ஸ்பேனர். சைகோனில் தெருத் தெருவாகப் புளியமரம். பழம் விழுந்து கிடக்கிறது, நம் ஆள் ஒருவனும் பொறுக்கவில்லையே என்று எனக்கு வயிறு எரிந்தது. மெக்கானிக் ஒரு பெண். முப்பத்தைந்து வயதிருக்கும். புருஷன் பட்டாளத்தில். கடை இவள் கையில்.

"பேரு சீ நாம்" என்றார் சவரிநாதன். "சீன்னா அக்கா. நாம்னா அஞ்சு. அஞ்சாம் அக்கா."

"அஞ்சாவது பொண்ணா?"

"நாலாவது. இங்க மூத்ததை ரெண்டுன்னுதான் ஆரம்பிப்பாங்க. ஒண்ணுன்னு யாரும் கெடையாது. கண்ணு பட்டுருமாம்."

நல்ல ஊர் என்று நினைத்துக்கொண்டேன். நான் துணியை எடுத்து வண்டியில் ஒட்டியிருந்த சேற்றைத் துடைக்கப் போனேன். அவள் என் கையில் பட்டென்று ஒரு தட்டு தட்டினாள். ஏதோ சொன்னாள்.

"தொடாதங்கிறா" என்றார் சவரிநாதன். "அழுக்குதான் பேசுமாம். தொடச்சிட்டா அவளுக்கு யாரு சொல்லுவாங்கன்னு கேக்குறா."

எனக்குச் சுருக்கென்றது. எங்கள் ஷெட்டில் விபத்து வண்டி வந்தால் முதல் வேலை தண்ணீர் அடிப்பதுதான். அவள் ஒரு சாக்குக்கட்டியை எடுத்தாள். வண்டியைச் சுற்றிக் குந்திக் குந்தி நகர்ந்தாள். புதிதாக விழுந்த கீறல் ஒவ்வொன்றையும் சுற்றி வட்டம் போட்டாள். முன் ஃபோர்க்கில் ஒன்று. உடைந்த விளக்கில் ஒன்று. ஹாண்டிலில் ஒன்று. இடது பக்கம் கியர் லீவரில் ஒன்று. அது கீழே வளைந்திருந்தது. வலது பக்கம் வந்து பிரேக் மிதியைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். வட்டம் போடவில்லை.

"பிரேக்கைப் பிரிக்கச் சொல்லுங்க" என்றேன்.

அவள் பின்சக்கரத்தைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, கையால் சுழற்றிவிட்டு, மிதியை ஒரு விரலால் அழுத்தினாள். சக்கரம் டக்கென்று நின்றது.

"சூடு ஏறினாத்தான் வழுக்கும். பிரிக்கச் சொல்லுங்க!"

பிரித்தாள். டிரம்மைக் கழற்றி என் முன்னால் வைத்தாள். கட்டை புத்தம் புதிது. எண்ணெய் இல்லை, தேய்மானம் இல்லை. என் ஷெட்டில் எந்த பஸ்ஸிலும் அப்படிப்பட்ட பிரேக்கை நான் பார்த்ததில்லை. நான் விடவில்லை. கம்பி இழுத்திருக்கும் என்றேன். கம்பியைக் காட்டினாள். நட்டு லூஸ் என்றேன். நட்டைக் காட்டினாள். பிறகு என்னிடம் சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. ஆகவே குரலை உயர்த்தினேன்.

இதற்குள் ஒரு ஆள் வந்து மரத்தடியில் குந்தி உட்கார்ந்திருந்தார். சிக்லோக்காரர். எங்களைத் தேடித்தான் வந்திருக்கிறார். அவரை ஆன் பா என்று கூப்பிட்டார்கள், மூன்றாம் அண்ணன். அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து சவரிநாதனிடம் நீட்டினார். சாவடியில் கொடுத்த நகல். சவரிநாதன் படிக்கப் படிக்க அவர் முகம் மாறியது.

"முசியே, நீங்க இதுலயா கையெழுத்துப் போட்டீங்க?"

"ஆமா. பிரேக் பிடிக்கலைன்னு."

"பிரேக்குன்ற வார்த்தையே இதுல இல்லியே. இவரு குடிச்சிருந்தாரு, ஓடிக்கிட்டிருந்த வண்டியக் குறுக்க ஒடிச்சாரு, உங்கள வந்து இடிச்சாருன்னுல்ல இருக்கு."

காகிதத்தை வாங்கி அடியில் இருந்த என் கையெழுத்தைப் பார்த்தேன். ஆன் பா மெதுவாகப் பேசினார். சவரிநாதன் அப்படியே சொன்னார்:

"எனக்கு வயித்துப் புண்ணு. பத்து வருஷமா குடிக்கிறதில்ல. சொந்த ஊரு குச்சின்னு ஒரு கிராமம். குண்டு விழுந்து ஊரக் காலி பண்ணச் சொன்னப்ப மாட்ட வித்துத்தான் இந்த வண்டிய வாங்கினேன். வண்டியும் நம்பர் தகடும் சாவடியில இருக்கு. எழுதினவங்க வந்து மாத்தி எழுதினாத்தான் குடுப்பாங்களாம். மாத்தி எழுதுங்க. நான் நின்னுக்கிட்டுத்தான இருந்தேன்?"

"நின்னுக்கிட்டுத்தான் இருந்தீரு" என்றேன். "ஆனா என் மேலயும் தப்பு இல்ல. வண்டி நிக்கல."

இதை சவரிநாதன் சொன்னதும் சீ நாம் சிரித்தாள். டிரம்மைத் திரும்ப மாட்டினாள். வளைந்த கியர் லீவரைக் குறட்டால் பிடித்து ஒரு மாதிரி நிமிர்த்தினாள். எஞ்சினை உதைத்துக் கிளப்பினாள். பின்சக்கரம் ஸ்டாண்டில் அந்தரத்தில் இருந்தது. என்னை ஏறி உட்காரச் சொன்னாள். இரண்டாம் கியரில் போட்டு ஓட்டு என்றாள். நின்ற இடத்திலேயே ஓட்டினேன். அவள் முன்னால் நின்று பேச்சுக் கொடுத்தாள். எத்தனை பிள்ளைகள்? நாலு. பெண்டாட்டி என்ன சமைப்பாள்? நான் புளிக்குழம்பைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். எனக்கும் அந்த நேரத்தில் ஊர்ச் சாப்பாட்டு நினைப்பு வந்துவிட்டது. சுண்டைக்காய் வற்றலை சவரிநாதனுக்கு எப்படி விளக்குவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

திடீரென்று அவள் அந்தத் தாம்பாளத்தைத் தண்ணீரோடு தூக்கி என் முன்சக்கரத்துக்கு முன்னால் தரையில் அடித்தாள். "ஏய்!" என்று ஒரு கத்தல்.

நான் பிரேக்கை மிதித்தேன். பின்சக்கரம் வீலென்று கத்திக்கொண்டு இன்னும் வேகமாகச் சுற்றியது.

எல்லோரும் என் காலைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். என் இடது கால் கியர் லீவரை அடிவரை மிதித்துக்கொண்டு நின்றது. வலது கால், பிரேக்கின் மேலே, கல்யாண வீட்டு மாப்பிள்ளை மாதிரி அசையாமல் உட்கார்ந்திருந்தது.

புல்லட்டில் இடது கால்தான் பிரேக். வலது கால் கியர். நிதானமாக ஓட்டும்போது நான் யோசித்து மாற்றி மிதித்திருக்கிறேன். பயந்த நொடியில் கால் யோசிக்கவில்லை. காரைக்குடியில் எதை மிதிக்குமோ அதை மிதித்திருக்கிறது. இந்த ஜப்பான் வண்டியில் லீவரை முன்னால் மிதித்தால் அடுத்த கியர் விழும். பாலத்து இறக்கத்தில் நான் பிரேக் என்று நினைத்து மிதித்தது அதைத்தான். கைப்பிடியில் முன் பிரேக் ஒன்று இருக்கிறதே என்று கேட்பீர்கள். முன் பிரேக்கைத் தொட்டால் தலைகுப்புற விழுவாய் என்று சொல்லியே எங்களை ஷெட்டில் வளர்த்தார்கள். அதனால் அந்த விரல்களும் சும்மாவே இருந்தன.

சீ நாம் சாக்குக்கட்டியை எடுத்து என் இடது கால் செருப்பைச் சுற்றி ஒரு வட்டம் போட்டாள்.

மரத்தடியில் ஒரே சிரிப்பு. பக்கத்து சூப்புக் கடை அம்மாள் கரண்டியோடு ஓடி வந்து என்னவென்று கேட்டுக்கொண்டு சிரித்தாள். ஆன் பா மட்டும் சிரிக்கவில்லை. எழுந்து வந்து என் காலைக் கூர்ந்து பார்த்தார். பிறகு ஏதோ சொன்னார். சவரிநாதன் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"ஆளு வந்து சேந்துட்டாராம். காலு இன்னும் கப்பல்லேயே இருக்காம்."

அப்போதுதான் எனக்குச் சிரிப்பு வந்தது. வயிறு வலிக்கச் சிரித்தேன். அவரும் சிரித்தார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு தமிழிலேயே மன்னிப்புக் கேட்டேன். மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

ஆறாம் நாள் காலை சாவடிக்குப் போனோம். நான், ஆன் பா, சவரிநாதன். அதற்கு முன்னால் செல்லப்பனிடம் போனேன்.

"தப்பு என் காலு மேல. வாங்க, ரெண்டு பேரும் போயி மாத்தி எழுதிக் குடுப்போம்" என்றேன்.

செல்லப்பன் சட்டையை முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று தடவை துவைத்தும் வாசனை போகவில்லை. "என்ன ஃபிட்டர், ஒரு சிக்லோக்காரனுக்காகக் கம்பெனி பேரக் கெடுக்கணுமாக்கும்? லைசென்ஸ் இல்லாத ஆளுகிட்ட வண்டியக் குடுத்தேன்னு மேலாள் வந்து கேட்டா நான் என்னன்னு சொல்ல?"

"உள்ளதைச் சொல்லுங்க."

"நீங்க வந்த வேலையப் பாருங்க. பத்து நாள்ல ஊருக்குப் போயிருவீக. நான் இங்க இருக்கணும்ல?"

"அந்த ஆளும் இங்கதான இருக்கணும்?" என்றேன். இன்னும் சில வார்த்தைகள் சொன்னேன். அதை ஆசிரியர் அச்சில் போட மாட்டார்.

சாவடியில் இருந்த அதிகாரி நடுவயதுக்காரர். மேஜை மேல் ஒரு பக்கம் தொலைபேசி, ஒரு பக்கம் ரொட்டிக்குள் காய் வைத்த பொட்டலம். சவரிநாதன் எல்லாவற்றையும் சொன்னார். அதிகாரி ரொட்டியைக் கீழே வைத்தார்.

"யாராவது மிரட்டினாங்களா இவர?"

"இல்லை" என்றேன்.

"அப்ப இவரு குடிச்சிருக்காரா?"

என்னை ஊதச் சொன்னார். ஊதினேன். காப்பி வாசனைதான் வந்தது. "தன் மேல தப்புன்னு சொல்லிக்கிட்டு இந்தப் படி ஏறி வந்த மொதல் ஆளு இவருதான்" என்று பக்கத்து மேஜைக்காரரிடம் சொன்னார். பிறகு காலைக் காட்டச் சொன்னார். ஒரு நாற்காலியில் உட்கார்ந்து மறுபடியும் மிதித்துக் காட்டினேன். இரண்டு போலீஸ்காரர்கள் ஜன்னலில் எட்டிப் பார்த்தார்கள். லைசென்ஸ் கேட்டார். இல்லை என்றேன். ஊர் திரும்பும்வரை எந்த வண்டியையும் ஓட்டமாட்டேன் என்று எழுதி வாங்கிக்கொண்டார். இந்தத் தடவை சவரிநாதன் ஒவ்வொரு வரியாகப் படித்துச் சொன்ன பிறகுதான் கையெழுத்துப் போட்டேன்.

ஆனால் வேலை பாதிதான் முடிந்தது. புகாரில் இரண்டு கையெழுத்து. ஓட்டியவன் மாற்றிச் சொல்லிவிட்டான். சாட்சி மாற்றிச் சொல்லவில்லை. ஆகவே சிக்லோவை சவரிநாதனின் ஜாமீனில் கொடுத்தார்கள். நம்பர் தகட்டைக் கொடுக்கவில்லை. தகடு இல்லாமல் கான் ஹொய் சந்துகளுக்குள் ஓட்டலாம். பாலத்தைத் தாண்டக் கூடாது. நல்ல சவாரி எல்லாம் பாலத்துக்கு அந்தப் பக்கம்தான்.

"சாட்சி ஒரு வரி எழுதினாப் போதும்" என்றார் அதிகாரி. "அன்னிக்கே தகடு இவரு கைக்கு வந்துரும்."

அதற்குப் பிறகு மூன்று நாள் புளியமரத்தடியில் கிடந்தேன். காலையில் ஜெனரேட்டர், மத்தியானம் மரம். என் வாழ்க்கையில் இவ்வளவு சந்தோஷமாக வேலை செய்ததில்லை. சீ நாம் முதலில் என்னை மோட்டார் சைக்கிளைத் தொடவிடவில்லை. சிக்லோவின் பின்சக்கரத்தைக் கொடுத்து இதை நிமிர்த்து பார்க்கலாம் என்பது போல உட்கார்ந்தாள். ஒவ்வொரு கம்பியாக இழுத்து, சுழற்றி, காதால் கேட்டு, அரை நாளில் சக்கரத்தை வட்டமாக்கினேன். அவள் சாக்குக்கட்டியை விளிம்பில் பிடித்துச் சுழற்றிப் பார்த்தாள். கோடு முழுச் சுற்றும் ஒரே சீராக விழுந்தது. ஒரு சிகரெட் நீட்டினாள். நான் பிடிப்பதில்லை. காதில் சொருகிக்கொண்டேன்.

மோட்டார் சைக்கிளின் கோணிப்போன முன் ஃபோர்க்கை அவள் நிமிர்த்தியது எப்படி என்று எங்கள் ஷெட் ஆட்களுக்குச் சொன்னால் நம்ப மாட்டார்கள். மரத்தின் இரண்டு கிளைக்கு நடுவில் அதைச் செருகி, ஒரு நீளக் குழாயை மாட்டி, அவளும் நானும் ஆன் பாவும் தொங்கினோம். தண்டு சுழல்கிற வளையமான புஷ் ஒன்று உடைந்துபோயிருந்தது, மாற்று எங்கேயும் கிடைக்கவில்லை. ஒரு பீரங்கிக் குண்டின் காலிப் பித்தளைக் கூட்டை எடுத்து வந்தாள். அறுத்து, அரத்தால் ராவி, அச்சாக ஒரு புஷ் செய்தாள். "இதுக்கு மட்டும் இங்க பஞ்சமே இல்ல" என்றாள். சவரிநாதன் இதை மொழிபெயர்க்கும்போது சிரிக்கவில்லை.

ஒன்பதாம் நாள் வெள்ளிக்கிழமை. சவரிநாதன் எங்களை டோங் டு தெருவுக்குக் கூட்டிக்கொண்டு போனார். நம் ஊர்ப் பக்கத்து முஸ்லிம் வியாபாரிகள் கட்டிய பள்ளிவாசல் அங்கே இருக்கிறது. பின்னால் ஒரு கறிச் சாப்பாட்டுக் கடை. பதினோரு வயதில் கப்பல் ஏறிய ஒரு பெரியவர் பரிமாறினார். "காரைக்குடியா? ரசம் ஊத்தவா?" என்று கேட்டார். ரசம்! இரண்டு கிண்ணம் குடித்தேன். ஆன் பா ஒரு வாய் குடித்துவிட்டு, இது மருந்தா சாப்பாடா என்று கேட்டார். அவர் வயிற்றுப் புண்ணுக்கு அது ஆகாது என்று பிடுங்கி நானே குடித்தேன்.

ஜெனரேட்டர் ஓடியது. மோட்டார் சைக்கிள் ஓடியது. அதை சீ நாம்தான் ஓட்டிக்கொண்டு வந்து கிட்டங்கியில் விட்டாள். செல்லப்பனிடம் நான் கிளம்பும் நாளில் கடைசியாகக் கேட்டேன். "பாப்போம், பாப்போம்" என்றார்.

அவர் பார்த்தது என்னவென்று போன மாதம் தெரிந்துவிட்டது. விடுமுறையில் ஊர் வந்து மூன்று பக்கம் எழுதியிருக்கிறார். குடிகாரன், வெறியன், அந்நிய ஊரில் தமிழன் பட்ட பாடு, தன் சாமர்த்தியத்தால் ஃபிட்டரைக் காப்பாற்றிய கதை. ஊரில் என்னைப் பார்க்கிறவர்கள் எல்லாம், "பாவம், குடிகாரப் பய இடிச்சிட்டானாமே" என்று முழங்காலை விசாரிக்கிறார்கள். எனக்கு அவமானமாக இருக்கிறது.

சவரிநாதன் கடிதம் போட்டிருக்கிறார். தகடு இன்னும் சாவடியில்தான். ஆன் பா சந்துக்குள் மூட்டை ஏற்றிக்கொண்டிருக்கிறார். அதிகாரியிடம் சவரிநாதன் கேட்டுப் பார்த்திருக்கிறார். சாட்சி தன் பெயர் போட்டு எழுதி, அது அச்சில் வந்தாலும் போதும், மொழிபெயர்த்துக் கொண்டு வாருங்கள் என்று சொல்லியிருக்கிறாராம்.

செல்லப்பன் அவர்களே, நீங்கள் இன்னும் ஊரில்தான் இருக்கிறீர்கள். இந்த இதழ் உங்கள் வீட்டுக்கும் வரும். உங்கள் மூன்று பக்கத்தையும் அச்சிட்ட ஆசிரியர் உங்களுக்கு இன்னும் ஒரு வரி இடம் தருவதாகச் சொல்லியிருக்கிறார். தனியாக வந்து என்னிடம் பேச வேண்டாம், ஆள் அனுப்ப வேண்டாம். அடுத்த இதழில், உங்கள் முழுப் பெயரைப் போட்டு, எல்லோரும் படிக்கும்படி பதில் சொல்லுங்கள்: நாம் போய் மோதியபோது அந்த சிக்லோ நின்றுகொண்டிருந்ததா, ஓடிக்கொண்டிருந்ததா?